கரடிக்காட்டில் நடப்பது எப்படி: ஒரு வேட்டைக்காரர் பேரனின் குறிப்புகள்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதைதான். இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணமாகக் கிடக்கிறான். கரடி அவன் காதருகே முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கோத்தகிரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைச் சோலைப் பக்கம் கூட்டிப்போவது என் வேலை. அவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

நட்பைப் பற்றி அந்தக் கதை சொல்வது சரியாக இருக்கலாம். கரடியைப் பற்றி அதை நம்பாதீர்கள். நம் ஊர்க் கரடி மரம் ஏறும், தேனடை இருந்தால் வெகு உயரம் ஏறும். தரையில் படுத்துக்கொள்வது பிழைக்கும் வழிதான், ஆனால் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும். அதையே சிறுத்தைக்கு முன்னால் செய்தால் பிழைக்க வழியில்லை.

எனக்குக் காடு சொல்லிக் கொடுத்தது என் தாத்தா. அவர் வேட்டைக்காரர். முதலில் எஸ்டேட் துரைமார்களுக்குத் தடம் பார்த்துக் கொடுத்தார், அப்புறம் தன் பாட்டுக்கு நாட்டுத் துப்பாக்கியோடு போய்வந்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் மிருகத்தை நெருங்கிப் போகும் வித்தை. நான் செய்யும் வேலையோ ஆட்களை எந்த மிருகத்தையும் நெருங்கவிடாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பது. தாத்தாவின் பாடம் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பினால் அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. இந்தக் குறிப்புகள் அப்படி வந்தவைதான்.

தாத்தா நடந்த விதம்

காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நட, உன் வாடை பின்னால் போகட்டும். சருகை மிதிக்காதே, பாறை கிடைத்தால் பாறைமேல் கால் வை. வாயைத் திறக்காதே. வெளுக்கும்போது போ, இல்லையென்றால் பொழுது சாயும்போது போ. பழம் உதிரும் மரத்தடியிலும் தண்ணீர் ஓரத்திலும் காத்திரு. இவ்வளவுதான் அவருடைய சட்டம். இதன்படி நடந்தால் நீங்கள் தேடுகிற மிருகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். தேடாத மிருகமும் கிடைக்கும்.

அவருக்குக் கிடைத்தது. கொடநாட்டுக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் சரிவில், பங்குனி வெயிலில், காட்டுப்பன்றித் தடம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். காற்று எதிரே. ஒரு பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு பாதை திரும்புகிறது. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'புஸ்'ஸென்று ஊதும் சத்தம், உடனே உறிஞ்சும் சத்தம், மறுபடி ஊதல், மறுபடி உறிஞ்சல். கரையான் புற்றில் கரடி வாய் வைத்திருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தூரத்தில்தான் இருக்கும் என்று நினைத்தாராம். அந்தச் சத்தம் நூறு கெஜத்துக்கு அப்பாலும் கேட்கும் என்பதால் தூரத்தைக் கணிப்பது கடினம். பாறையைத் தாண்டி ஒரு அடி வைத்தார். பத்தடிக்குள் தாய்க்கரடி, அதன் முதுகில் இரண்டு குட்டிகள்.

துப்பாக்கியைத் தோளில் ஏற்ற நேரமில்லை. குறுக்கே பிடித்துத் தள்ளியிருக்கிறார். அது துப்பாக்கியோடு சேர்த்து முன்கையைக் கடித்து, அவரைத் தள்ளிவிட்டு, முகத்தில் ஓர் அறை விட்டது. இடது காதின் பாதி அதோடு போயிற்று. குப்புற விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை என்பதுதான் உண்மை. அதற்குள் குட்டிகள் கத்த, கரடி அவரை விட்டுவிட்டு அவற்றைத் தேடிப் போய்விட்டது. கையைத் துண்டால் கட்டிக்கொண்டு தானாகவே நடந்து ஊர் வந்து சேர்ந்தார்.

பிற்காலத்தில் காதைத் தடவிக்கொண்டே சொல்வார்: "அது என்னத் தின்ன வரலடா. என்னப் பாத்துப் பயந்துபோச்சு. நான்தான் பூனையாட்டம் போய் அதும் பக்கத்துல நின்னேன்."

இது மனதில் பதிந்தால் போதும். கரடிக்குக் கண் மட்டம், காதும் சுமார்தான். மூக்குதான் கூர்மை. கரையான் உறிஞ்சும்போது அந்த மூக்கையும் மூடிக்கொள்ளும். மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு கிடையாது, அந்த இடைவெளி வழியாகத்தான் இழுக்கிறது. அந்த நேரத்தில் அது கிட்டத்தட்டக் குருடும் செவிடுமாக இருக்கிறது. தலையை வெளியே எடுக்கும்போது எதிரில் ஏதோ நிற்கிறது. ஓடிப் போக வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்த மிருகம் அது. ஓடினால் புலி பிடித்துவிடும், மரத்தில் ஏறினால் சிறுத்தை பின்னாலேயே ஏறிவரும். அதனால் எதிர்த்துப் பாய்வதையே தற்காப்பாக வைத்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆகவே உங்கள் வேலை ஒன்றுதான்: நீங்கள் வருவது நீங்கள் வருவதற்கு முன்பே கரடிக்குத் தெரிய வேண்டும்.

போகும் முன்னால்

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் இலை பறிக்கிற அக்காக்களிடமும் மாடு மேய்க்கிறவரிடமும் இரண்டு வார்த்தை கேளுங்கள். நேற்று எந்தப் பாறையில் கரடி படுத்திருந்தது, எந்த வளைவில் காட்டுமாடு நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். கூகுள் மேப்புக்குத் தெரியாது.

பருவத்தையும் பாருங்கள். கொன்றைக்காய் முற்றும் காலம், நாவல் உதிரும் காலம், இலந்தை பழுக்கும் காலம் எல்லாம் கரடிக்குப் பந்தி. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுத்தால் யானையும் வரும். குட்டிகள் குளிர்காலத்தில் பிறக்கும். இரண்டு மூன்று மாதம் குகையில் இருந்துவிட்டு, கோடை தொடங்கும்போது தாயின் முதுகில் ஏறிக்கொண்டு வெளியே வரும். அப்போது சந்திக்கிற தாய்க்கரடியிடம் எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்காது.

நாயைக் கூட்டிப் போகாதீர்கள். இதைச் சொன்னால் நாய் வளர்க்கிறவர்களுக்குக் கோபம் வரும். சிறுத்தைக்கு நாய் என்றால் இரை. கரடியிடம் குரைத்துக்கொண்டு ஓடுகிற நாய், கரடி துரத்தியதும் நேராக உங்கள் காலடிக்குத்தான் திரும்பி ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும்.

தடம் படிப்பது

தாத்தாவின் பாடத்தில் நான் திருப்பிப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

புற்றைப் பாருங்கள். குடைந்த மண் காய்ந்து வெளுத்திருந்தால் பழையது. ஈரமாக, கறுப்பாக, சிதறிய கரையான் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தால் கரடி அங்கிருந்து போய் அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பாதையை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். எச்சத்தில் கொன்றை விதை, நாவல் கொட்டை, கரையான் தலை என்று தின்றதெல்லாம் அப்படியே இருக்கும். முன்னங்கால் தடத்தில் விரல்கள் ஏறக்குறைய ஒரே நேர்வரிசையில் இருக்கும், அதற்கு வெகு முன்னால் நகங்கள் குத்திய புள்ளிகள் தெரியும். அந்த நகம் மூன்று அங்குலத்துக்கும் மேல் நீளம். பின்னங்கால் தடம் நீளமாக, வெறுங்காலோடு யாரோ நடந்த மாதிரித் தெரியும். புதிதாக வருகிறவர்கள் "இங்கே யார் செருப்பில்லாமல் போனது?" என்று கேட்பதுண்டு.

சிறுத்தையின் தடத்தில் நான்கு விரல், நகம் பதியாது. அதே அளவில் நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய். பாதை நடுவே பின்னங்காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிய கீறலும் பக்கத்தில் ரோமம் கலந்த எச்சமும் இருந்தால், அது சிறுத்தை தன் எல்லைக்குப் போட்ட கையெழுத்து. ராத்திரியில் மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி விட்டு விட்டு ஒரு கரகரப்புக் கேட்டால் அது சிறுத்தையின் குரல்.

காட்டுக்குள் உங்களுக்காக உளவு பார்க்கிறவர்களும் உண்டு. கேளையாடு நாய் மாதிரி விடாமல் குரைக்கும். அது எதற்கெடுத்தாலும் பதறும் ஜாதி, அதனால் பாதிதான் நம்பலாம். கடமான் உரத்து ஒற்றைக் குரல் கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்தால் புலியோ சிறுத்தையோ பக்கத்தில் நடமாடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின்மேல் மந்தி ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் அது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கத்துகிறது. கரடி பக்கத்தில் இருப்பதை இப்படி யாராவது உங்களுக்குச் சொல்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அதற்குப் புற்றையும் எச்சத்தையும் உங்கள் காதையும்தான் நம்ப வேண்டும்.

நடக்கும்போது

பேசிக்கொண்டே நடங்கள். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இது பிடிக்காது, எனக்கும் தெரியும். பறவை இருக்கும் இடத்தில் நின்று அமைதியாகப் பாருங்கள். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது வாயைத் திறங்கள். சினிமா, அரசியல், வீட்டுக்கடன் வட்டி எதுவானாலும் சரி. மனிதக் குரல்தான் வேலை செய்கிறது. தனியாகப் போக நேர்ந்தால் கைத்தடியால் கல்லைத் தட்டிக்கொண்டு போங்கள். பாறை வளைவு, உன்னிப் புதர் அடர்ந்த இடம், ஓடை இரையும் இடம் இவை மூன்றுக்கும் முன்னால் நின்று, கைதட்டி, உரக்கக் குரல் கொடுத்து, சற்றுப் பொறுத்து அப்புறம் போங்கள். தண்ணீர்ச் சத்தம் உங்கள் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

காற்று எதிரே வந்தால் உங்கள் வாடை முன்னால் போகாது. அந்த மாதிரி நேரத்தில் சத்தத்தை இரட்டிப்பாக்குங்கள். காற்று முதுகில் இருந்தால் நல்லது, நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் சோப்பு வாசனை போய்ச் சேர்ந்திருக்கும்.

காதில் இயர்போன் கூடாது. குழந்தைகள் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பெரியவர்களுக்கு நடுவில் வரட்டும். காலை வெயில் நன்றாக ஏறியபின் கிளம்பி, பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள். வெயில் நேரத்தில் கரடி பாறை இடுக்கிலும் புதருக்குள்ளும் படுத்திருக்கும். அதனால் நடுப்பகலில் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் ஒதுங்குவதுதான் பெரிய ஆபத்து. ஒதுங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு கல்லை உள்ளே போட்டுப் பாருங்கள், வெட்ட வெளியாகப் பார்த்து உட்காருங்கள். நிழலாக, குளுமையாக, நுழைய வசதியாக இருக்கிற குகை உங்களுக்கு மட்டும் பிடித்த இடம் இல்லை.

கரடி கண்ணில் பட்டுவிட்டால்

தூரத்தில் இருக்கிறது, உங்களைக் கவனிக்கவில்லை என்றால் வேலை சுலபம். நில்லுங்கள், வந்த வழியே பின்வாங்குங்கள். போட்டோவுக்காக ஓர் அடிகூட முன்னால் வைக்காதீர்கள். கவனித்துவிட்டது என்றால் இதமான குரலில் பேசிக்கொண்டே, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகருங்கள். அது பின்னங்காலில் எழுந்து நின்றால் பதறாதீர்கள். பாயப் போகிறது என்று அர்த்தமில்லை. கண் தெரியாததால் மூக்கைத் தூக்கி நீங்கள் யார் என்று விசாரிக்கிறது. அது போக ஒரு வழி இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஊரே கூடிக் கரடியைச் சுற்றி நின்று கத்தும் வீடியோக்களைப் பார்க்கிறேன். நான்கு பக்கமும் ஆள் நின்றால் அது எந்தப் பக்கம் போகும்? யாராவது ஒருவர் மேல்தான் போகும்.

ஓடாதீர்கள். பருத்த உடம்பும் ஆடி அசையும் நடையுமாக இருக்கிற அந்த மிருகம் உங்களைவிட வேகமாக ஓடும், இறக்கத்திலும் ஓடும். "கரடியால் இறக்கத்தில் ஓட முடியாது, முடி கண்ணை மறைக்கும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு யாரும் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்.

பாய்ந்து வருகிறது என்றால், சில சமயம் பாதி தூரம் வந்து நின்று திரும்பிவிடும். எது பொய்ப் பாய்ச்சல், எது நிஜம் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. நின்ற இடத்தில் நில்லுங்கள், தடியையோ குடையையோ பையையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடியுங்கள், சேர்ந்து நில்லுங்கள், சேர்ந்து குரல் கொடுங்கள். அதையும் மீறி மேலே வந்துவிட்டால், இப்போதுதான் அந்தக் கதையின் இரண்டாம் பாதி.

குப்புறப் படுங்கள். மல்லாக்க அல்ல. நம் ஊர்க் கரடி முகத்தையும் தலையையும் குறிவைக்கும். கண், மூக்கு, தாடை என்று போனவர்களை மலையில் நான் பார்த்திருக்கிறேன். முகத்தை மண்ணில் புதைத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் காதுப் பக்கத்தை மூடிக்கொள்ளுங்கள். முதுகுப் பையைக் கழற்றாதீர்கள், அது கவசம். கால்களைச் சற்று அகட்டி வைத்தால் புரட்டிப் போடுவது கடினம். புரட்டினால் உருண்டு மறுபடி குப்புற வாருங்கள். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை, கதையில் அது சும்மா அழகுக்கு. கத்தாமல் அசையாமல் இருந்தால் போதும். அதற்கு உங்களைத் தின்னும் எண்ணம் கிடையாது. ஆபத்து தீர்ந்தது என்று தோன்றினால் போய்விடும். போனபின்னும் உடனே எழாதீர்கள். சத்தம் முழுக்க அடங்கட்டும்.

கூட இருப்பவர்கள் என்ன செய்வது? எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, தடியோடு, கூச்சலோடு கிட்டே வர வேண்டும். ஒரே ஆளாக ஓடிவந்து இழுக்கப் பார்த்தால் இரண்டாவது காயக்காரர் அவராகத்தான் இருப்பார். தனி ஆள் அரிவாளால் எதிர்த்துப் பிழைத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பிழைக்காதவர்கள் கதை சொல்ல வரவில்லை என்பதால் அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை.

சிறுத்தை என்றால் எல்லாம் மாறும்

கரடி பயந்து அடிக்கிறது. சிறுத்தை கணக்குப் போட்டு அடிக்கிறது. அதன் கணக்கில் நிமிர்ந்து நிற்கிற மனிதன் இரை கிடையாது. குனிந்து இலை பறிக்கிறவர், வெளிக்கு உட்கார்ந்தவர், வாசலில் தனியாக விளையாடும் குழந்தை இவர்கள்தான் அதன் கண்ணுக்கு வேறு ஏதோ சின்ன மிருகமாகத் தெரிகிறார்கள். ஆகவே சிறுத்தையைக் கண்டால் படுக்காதீர்கள், குனியாதீர்கள், உட்காராதீர்கள். நிமிர்ந்து நில்லுங்கள். கைகளை உயர்த்துங்கள், மலையில் எல்லோர் கையிலும் குடை இருக்கும், விரித்துப் பிடியுங்கள். அதட்டுங்கள். குழந்தை இருந்தால் முதுகை வளைத்துக் குனியாமல், சிறுத்தையைப் பார்த்தபடியே முழங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டாமல் பின்னால் நகருங்கள். முக்கால்வாசி நேரம் அது உங்களுக்கு முன்பே போயிருக்கும். மேலே பாய்ந்துவிட்டால் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கையில் கிடைத்ததால் திருப்பி அடியுங்கள். இங்கே சும்மா கிடப்பது உதவாது.

தேயிலைப் புதருக்குள் பூனைக்குட்டி மாதிரி எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், தூக்காதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும், திரும்பி வரும். அந்தப் பாத்தியை அப்படியே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பன்றிக்கும் முயலுக்கும் வைக்கிற சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல. மாட்டிய சிறுத்தை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அது இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்திருக்கும். நீங்கள் வந்ததும் கடைசியாக ஓர் இழுப்பு இழுக்கும், கம்பி அறுந்தால் நேரே உங்கள் மேல்தான். தாத்தா துப்பாக்கியோடு திரிந்த காலத்திலேயே காயம்பட்ட சிறுத்தை புகுந்த புதருக்குள் உடனே போகமாட்டார், எந்தத் துரை சொன்னாலும் போகமாட்டார். துப்பாக்கி இருந்தவருக்கே அந்தப் பயம் இருந்தது. கம்பி வைக்கிறவரிடம் ஒரு வார்த்தை: சிறுத்தை, கரடி, புலி எல்லாம் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரைகூட உள்ளே இருக்க வேண்டிவரும். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

புலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021இல் முதுமலை, மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியைக் கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் எல்லாம் வைத்து வாரக்கணக்கில் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அத்தனை பேர் தேடியும் அத்தனை நாள் ஒளிந்திருக்க முடிந்த மிருகத்தை நீங்கள் முதலில் பார்க்கப்போவதில்லை. பார்த்துவிட்டால் சிறுத்தைக்குச் சொன்னதுதான்: முகத்தைக் காட்டு, முதுகைக் காட்டாதே. சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவர்கள் பிடரிப் பக்கம் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போனதும் இதற்காகத்தான். புலி பின்னாலிருந்துதான் வரும்.

அடிபட்டால்

முதலில் அந்த இடத்தை விட்டு நகருங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். தலைத்தோல் பிய்ந்து தொங்கினால் வெட்டி எறியாதீர்கள், இருந்த இடத்தில் மெல்லப் படியவைத்து அழுத்திக் கட்டுங்கள். தையல் போட டாக்டருக்கு அது தேவை. வாய், தாடை அடிபட்டவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் சாய்த்து உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். 108க்கு அழைக்கும்போது மைல்கல்லோ எஸ்டேட் பிரிவின் பெயரோ சொல்லுங்கள். "காட்டுக்குள்ளே" என்றால் வண்டி வந்து சேராது.

சிறிய கீறல்தானே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்தது கரடியானாலும் சிறுத்தையானாலும் வெறிநோய்த் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் பற்றி நீங்களே கேளுங்கள். வனச்சரக அலுவலகத்தில் அன்றே தகவல் கொடுத்துவிடுங்கள். இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு அது வேண்டும், அதைவிட முக்கியம், நாளைக் காலை அதே பாதையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும்.

கரடி வீட்டுக்கே வந்தால்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஹோம்ஸ்டேயில் தங்குகிறவர்களுக்கு இது. கரடிக்கு எண்ணெய் வாசனை என்றால் உயிர். கோயில் விளக்கு எண்ணெய், சத்துணவுக் கூடத்து எண்ணெய், கடையில் வெல்லம், பேக்கரி சரக்கு எதையும் விடாது. கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போகும். பலாச்சக்கை, மீந்த சாப்பாடு, காலி எண்ணெய்ப் பாக்கெட் எதையும் ராத்திரி வாசலில் வைக்காதீர்கள். கழிப்பறை வெளியே இருந்தால் கதவைத் திறந்து, டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்து, செருமிவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் விளக்குமாற்றோடு போய்ப் பார்க்காதீர்கள். நீங்கள் இருக்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். அது உள்ளே வந்த கதவை வெளியிலிருந்து யாரும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போக அந்த வழிதான் வேண்டும். ஒரு டின் எண்ணெய் போனால் போகட்டும்.